ஒளிந்த பழியும் ஊரறிந்த பழியும்: குற்றப் புதினத்தில் வடசென்னை

குற்றப் புதினங்களில் கொலைக்குக் காரணமாக வருபவற்றை எண்ணிப் பார்த்தால் பணம், சொத்து, காமம், அச்சம், பழி என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். முதல் நான்கில் ஒன்றுக்காகக் கொல்பவர் தம் நோக்கத்தைக் கடைசிவரை மூடி வைக்கவே விரும்புவார். பங்காளியின் நிலத்துக்காகப் பங்காளியைக் கொன்றவர் அதை எவரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியாது. பழிவாங்குபவரின் நிலை வேறு. தம் கையால் சாகிறவர் எதற்காகச் சாகிறோம் என்பதை அறிந்தே சாக வேண்டும் என்பது அவருக்கு இன்றியமையாதது. எதிரி மாரடைப்பில் தூக்கத்திலேயே போய்விட்டால், பழி தீர்ந்ததாக அவர் மனம் ஒப்புவதில்லை. யாரோ தம்மை ஏமாற்றிவிட்டதாகவே உணர்வார். சில இடங்களில் எதிரிக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, ஊருக்கும் தெரிந்தாக வேண்டும். ஆனால் துப்பறியும் கதை என்ற வடிவமோ மறைப்பை நம்பியே நிற்கிறது. சொல்லத் துடிக்கும் ஒரு நோக்கத்தை, கடைசி அத்தியாயம்வரை எதையும் சொல்லக் கூடாத ஒரு வடிவத்துக்குள் எப்படி உட்காரவைப்பது என்பதே பழிக்கதை எழுதுபவரின் முதல் சிக்கல். வடசென்னையைக் களமாகக் கொண்டு எழுத வருபவருக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையாக எதிர்ப்படுகிறது. காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஐரோப்பியப் புதினம் கண்ட விடை, பழிக்கும் அதற்குக் காரணமான தீங்குக்கும் நடுவே பல ஆண்டுகளைப் போட்டுவிடுவது. அலெக்சாந்தர் துய்மா எழுதிய மான்டி கிறிஸ்டோ பிரபுவின் கதை 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. பொய்ப் புகாரால் பதினான்கு ஆண்டுகள் சிறைப்பட்ட மாலுமி, பெருஞ்செல்வராக வேறு பெயரில் திரும்பி வருகிறார். அவர் யாரென்பது வாசகருக்குத் தெரியும், எதிரிகளுக்குத் தெரியாது. 1887இல் அச்சான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் புதினத்தில் வாசகருக்கும் அது தெரியாது. லண்டனில் ஆளில்லாத வீடொன்றில் பிணம் கிடக்கிறது, சுவரில் பழி என்று பொருள்படும் ஜெர்மன் சொல் இரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது, அதுவோ காவல்துறையைத் திசைதிருப்ப எழுதியது. கொலையாளி பிடிபட்ட பின், கதை அப்படியே நின்று பல ஆண்டுகள் பின்னோக்கி அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குப் போய்விடுகிறது. துப்பறிவாளரே இல்லாத பல அத்தியாயங்களில் பழைய தீங்கு சொல்லப்படுகிறது. படிக்கும்போது இது கட்டுமானக் குறையாகத் தோன்றும். ஆனால் பழியின் காரணத்தை ஒரு பத்தியில் விளக்கி முடித்திருந்தால் அந்தக் கொலையாளி வெறும் கொலையாளியாக மட்டுமே எஞ்சியிருப்பார். எதிரிக்கு முன் இரண்டு மாத்திரைகளை நீட்டி, ஒன்று நஞ்சு, ஒன்று வெறும் மாத்திரை, நீ ஒன்றை எடுத்துக்கொள், மற்றதை நான் விழுங்குகிறேன் என்று அவர் சொல்லும் இடம், கொலை செய்வதைவிடத் தீர்ப்பு வாங்குவதே அவர் தேடியது என்பதைக் காட்டுகிறது. 1934இல் அகதா கிறிஸ்டி பனியில் சிக்கிய ரயிலை வைத்து எழுதியபோது இந்தத் தீர்ப்பு என்ற பொருளே கதையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிவை இன்னும் அறியாதவர்கள் இருக்கக்கூடும் என்பதால், துப்பறிவாளர் இரண்டு விடைகளை முன்வைத்து எதை ஏற்பது என்று மற்றவர்களிடம் விட்டுவிடுகிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒளிந்து தீர்க்கும் பழி, ஊரறியத் தீர்க்கும் பழி என்ற இரண்டு வகைக்கும் தமிழ் மரபில் முன்மாதிரிகள் உண்டு. இரண்டுமே வடசென்னைக்கு அருகில் இருப்பது தற்செயல்தான் என்றாலும், இங்கே இருந்துகொண்டு எழுதுபவருக்கு அது வசதியான தற்செயல். சென்ட்ரலில் அரக்கோணம் மின்ரயில் ஏறினால் வரும் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அவன் மறுபிறவியில் வணிகனாக வரும்போது அவனுடைய மனைவியின் வடிவெடுத்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் நியாயம் கேட்டாள் என்பது நீலியின் கதை. குழந்தை அவனை அப்பா என்று அழைத்ததே சான்றாக ஏற்கப்பட்டது. அவளோடு ஓரிரவு தங்கு, உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்று வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள். மாறுவேடம், முன்கதை, பொய்ச் சான்று, பூட்டிய அறை, காலையில் பிணம் என்று ஒரு மர்ம நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இக்கதையில் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, பழியில் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், நல்லெண்ணத்தோடு பிணை நின்றவர்கள், அதற்கு உயிரால் விலை கொடுத்தது.

கண்ணகியின் பழி இதற்கு நேர் எதிரானது. அதில் மறைப்பே கிடையாது. பட்டப்பகலில் அரசவைக்குப் போய், சிலம்பை உடைத்து, மாணிக்கப் பரலைச் சான்றாகக் காட்டி, அரசன் தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர் விட்ட பிறகுதான் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் மதுரை எரிகிறது. அந்தத் தீயும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கிவிட்டுத் தீயோர் பக்கமே சேரும்படி ஏவப்பட்ட தீ. மதுரையை எரித்த பின் கண்ணகி திருவொற்றியூர்ப் பக்கம் வந்தாள் என்றும், அவள் சினம் தணிந்த இடமே தியாகராசர் கோயிலில் உள்ள வட்டப்பாறை அம்மன் சந்நிதி என்றும் ஒரு செவிவழிக் கதை இங்கே வழங்குகிறது. காப்பியத்தில் இதற்கு இடமில்லை. அவள் மேற்கே சேர நாட்டுக்குப் போகிறாள். இருந்தாலும், எரிப்பதோடு கதையை நிறுத்தாமல், அந்தச் சினம் எங்கோ ஓரிடத்தில் அடங்கியிருக்க வேண்டும் என்று ஓர் ஊர் நினைத்ததை, பழிக்கதை எழுதுபவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

தமிழ் மாத நாவல்கள் பெரும்பாலும் நீலியின் வழியையே எடுத்துக்கொண்டன. 1980களில் பேருந்து நிலையக் கடைகளிலும் வாடகை நூலகங்களிலும் கைமாறி, நைந்து, பிறகு பழைய புத்தகக் கடைகளுக்கு வந்து சேர்ந்த அந்த நூல்களில் பழிக்கதை ஏறத்தாழ ஒரே அச்சில் நடக்கும். மலைவாழிடத்தில் ஒரு பங்களா, அதில் ஒரு தொழிலதிபர், அடுத்தடுத்து இறக்கும் அவருடைய பழைய நண்பர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் சேர்ந்து செய்த ஒரு கொடுமை, அந்தக் கொடுமைக்கு ஆளானவரின் பிள்ளை இப்போது அதே வீட்டில் செயலாளராகவோ செவிலியராகவோ இருப்பது. இக்கதைகளில் வடசென்னைக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. கூலிக்குக் கொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றால் காசிமேட்டிலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ ஒருவர் லுங்கியோடு வருவார், இரண்டு வரி வட்டாரத் தமிழ் பேசுவார், முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கென்று ஒரு முன்கதை இருக்கக்கூடும் என்று கதாசிரியர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழிவாங்குவதற்கான உள்வாழ்வு பங்களாக்காரர்களுக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் திரைப்படம் இதைத் தலைகீழாகத் திருப்பி, வடசென்னை என்றாலே பழிவாங்கல் என்று ஆக்கிவிட்டது. எனக்கு இரண்டில் எது மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

ஒளிந்த பழிக்கு வடசென்னையில் இடமே இருந்ததில்லை என்று இதற்குப் பொருளில்லை. 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் சி. என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரையுலகத்தினரின் அந்தரங்கத்தை எழுதியவர் என்பதால், எழுத்துக்குப் பழியாகவே கொலை நடந்தது என்ற கதை அன்றே உருவாகிவிட்டது. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பழி என்ற காரணம் எல்லாருக்கும் பொருத்தமாகத் தோன்றியது, ஆனால் அந்தக் காரணம் யாரையும் குற்றவாளியென நிலைநாட்டப் போதுமானதாக இருக்கவில்லை. 1952இல் நடந்த ஆளவந்தார் வழக்கு இன்னொரு வகை. தலையில்லாத உடல் ஒரு பெட்டிக்குள் போட் மெயில் ரயிலில் பயணம் செய்து மானாமதுரையில் வெளிப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. கொலை நடந்த வீடும் ராயபுரத்தில், கல்லறைச் சாலையில் இருந்தது. இறந்தவரின் தொல்லை தாளாமல் நடந்தது என்ற பின்னணியில், கொலை செய்த தம்பதியில் கணவருக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் மட்டுமே தண்டனை கிடைத்தது. பழிக்கும் சீண்டப்பட்டுச் செய்த கொலைக்கும் நடுவில் நிற்கும் அந்த வழக்கு, இன்றுவரை எழுத்தாளர்களை இழுத்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

இன்றைய வடசென்னையின் கொலைச் செய்திகளைப் படிப்பவருக்கு இந்த மறைப்பெல்லாம் தேவையற்ற வேலையாகத் தோன்றும். இங்கே பழிக்கொலை நடந்த அன்றிரவே, யார் செய்தார்கள், எந்த ஆண்டு எந்தக் கொலைக்குப் பதிலாகச் செய்தார்கள் என்பது அந்தத் தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கும். இரண்டொரு நாளில் நான்கைந்து இளைஞர்கள் வேறு மாவட்டத்து நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞருடன் போய்ச் சரணடைவார்கள். அவர்கள்தான் உண்மையில் வெட்டியவர்களா, அல்லது வழக்கைச் சுமக்க அனுப்பப்பட்டவர்களா என்பது மட்டும் பேச்சாக இருக்கும். முதல் தகவல் அறிக்கையில் முன்விரோதம் என்று எழுதப்படும். சம்பவம் என்ற ஒரே சொல்லில் கொலையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும் பேச்சுவழக்குக்கும் அந்த அறிக்கைக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, யார் செய்தது என்று கேட்கும் துப்பறியும் கதையைக் கொண்டுவந்து புளியந்தோப்பில் வைத்தால் அது முதல் அத்தியாயத்திலேயே முடிந்துபோகும். இங்கே கேட்கத் தகுந்த கேள்விகள் வேறு: அடுத்தது யார், எப்போது, அதைத் தடுக்கக்கூடியவர் எவரேனும் உண்டா, தடுக்கக்கூடியவர் ஏன் தடுக்கவில்லை.

எப்போது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் சட்டத்தின் நாட்காட்டியில் கிடைக்கிறது. என் கணிப்பில், வடசென்னைப் பழிக்கதையின் கட்டுமானத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை, இதை முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. கொலை வழக்கில் கைதானவர் மீது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் பிணை கேட்பது அவருடைய உரிமையாகிவிடுகிறது. அதற்குள் காவல்துறை அவரைக் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அடைத்தால், விசாரணையில்லாமலேயே 12 மாதம்வரை உள்ளே வைக்க முடியும். சிறைவைப்பை எதிர்த்துத் தொடுக்கும் ஆட்கொணர்வு மனுவில் அந்த ஆணை ரத்தாகி முன்னதாகவே வெளியே வருவதும் உண்டு. இறந்தவரின் வீட்டில் இந்தத் தேதிகள் அனைத்தும் எண்ணப்படுகின்றன. புழல் சிறையின் வாசலில் யார் எந்த வண்டியில் வந்து அழைத்துப்போகிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தகவல். பிணையில் வந்தவர் காவல் நிலையத்தில் தினமும் காலையில் கையெழுத்திட வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கிறது. அதன் மூலம் அவர் எந்த நேரத்தில் எந்தத் தெரு வழியாக வருவார் என்பதை எதிரிக்கும் சொல்லிவிடுகிறது. வாய்தா நாளும் அப்படியே. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கோ எழும்பூருக்கோ அவர் வந்தாக வேண்டிய தேதி வழக்குக் கட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரைக் கண்காணிப்பில் வைப்பதற்காகச் சட்டம் செய்யும் ஒவ்வோர் ஏற்பாடும், அவரைத் தேடுபவருக்கும் பயன்படும் ஏற்பாடாக மாறுகிறது.

இதோடு இன்னொரு நாட்காட்டியும் ஓடுகிறது. பதினாறாம் நாள் காரியம், முதலாண்டு நினைவு நாள், அதற்கு முந்தைய வாரம் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அதில் இறந்தவரின் படத்துக்குக் கீழே வரிசையாக இடம்பெறும் இளைஞர்களின் சிறு படங்கள். காவல்துறை அந்தச் சுவரொட்டிகளைக் கவனமாகப் படிக்கிறது. நினைவு நாள் நெருங்கும்போது, பழைய குற்றவாளிகளைக் குறித்துவைக்கும் சரித்திரப் பதிவேட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பதும், நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவதும் வழக்கமான நடவடிக்கைகள். அந்தப் பத்திரத்துக்குப் பிணை நிற்பவர் பெரும்பாலும் ஒரு தாயோ, சித்தப்பாவோ, மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரோதான். வாக்குக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருந்த பழையனூர் எழுபது பேரின் இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். ஒரு நாவல் அவர்களில் ஒருவரின் கண் வழியே, அந்த ஓராண்டை மட்டும் சொன்னால்கூடப் போதும்; வெட்டும் காட்சியே இல்லாமல் அது முழுமையான பழிக்கதையாக நிற்கும்.

காலத்தைப் பற்றிய இந்தக் கேள்வி தண்டனைச் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. திடீரென்று கடுமையாகச் சினமூட்டப்பட்டு, தன்னடக்கத்தை இழந்த நிலையில் ஒருவர் கொன்றால் அது கொலையாகாத மரணம் என்று சட்டம் விலக்களிக்கிறது. இடையில் மனம் ஆறுவதற்கு நேரம் இருந்திருந்தால் அந்த விலக்குக் கிடையாது. கடற்படை அதிகாரி நானாவதி 1959இல் பம்பாயில் தம் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், மனைவி உண்மையைச் சொன்னதற்கும் அவர் சுட்டதற்கும் இடையில் சில மணி நேரம் கடந்திருந்தது என்பதே 1961இல் உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நின்றது. எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ அவ்வளவு குற்றம் கூடும் என்பது சட்டத்தின் கணக்கு. பழிக்கதையில் இந்தக் கணக்கு நேர்மாறாக இயங்குகிறது: எவ்வளவு ஆண்டு காத்திருந்தாரோ அவ்வளவுக்கு வாசகர் அவரை மதிக்கத் தொடங்குகிறார். சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் வழங்கிய ஒரு தீர்ப்பில், நெடுநாள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே வரும் சினமூட்டலையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஏற்றது. நல்ல நாவல்கள் முன்பே அறிந்திருந்த ஒன்றைச் சட்டம் பிறகு வந்து கண்டுகொண்ட இடம் அது.

இவ்வளவு மதிப்புள்ள காரணம் என்பதாலேயே பழியைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கவும் வேண்டும். கொலைக்கான காரணங்களில் கொலையாளி கூசாமல் சொல்லக்கூடியது இது ஒன்றே. அண்ணனை வெட்டினார்கள், நான் பதிலுக்கு வெட்டினேன் என்று சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறது. இரும்புக் கழிவு ஏலத்தில் போட்டி, கஞ்சா விற்பனையில் எல்லைச் சண்டை, மாமூல் பங்கீடு என்று சொல்வதில் அது கிடையாது. துறைமுகத்தையும் சரக்குப் பெட்டி நிலையங்களையும் பழைய இரும்பு வணிகத்தையும் சுற்றிப் பணம் புழங்கும் ஒரு பகுதியில், பக்கிங்காம் கர்நாடிக் மில் என்ற நெசவாலை 1996இல் மூடப்பட்டதுபோல நிலையான வேலைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவந்த ஒரு பகுதியில், இளைஞர்களைத் திரட்டுவதற்கு ஒரு பழைய சாவைப்போல உதவுவது வேறெதுவும் இல்லை. அந்த மில்லின் வரலாற்றிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தின்போது, வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்கும் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மாதக்கணக்கில் மோதல் நடந்து குடிசைகள் எரிந்தன. ஒவ்வோர் எரிப்பும் முந்தையதற்குப் பதில் என்று சொல்லப்பட்டது. மில்லையும் கூலியையும் வேலைநிறுத்தத்தை உடைக்க விரும்பியவர்களையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. குற்றப் புதினம் துப்பறிய வேண்டியது இங்கேதான். முன்விரோதம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு, அந்த விரோதம் இவ்வளவு காலம் உயிரோடு வைக்கப்பட்டதால் யாருக்கு வரவு என்று கேட்கும் ஒரு பாத்திரம் நம் நாவல்களில் அரிதாகவே தென்படுகிறார்.

பகை என்பது இருமுனைக் கத்தி என்று நம் நீதிமன்றங்கள் அடிக்கடி சொல்வதுண்டு. பகை இருந்தது என்பதால் கொன்றிருக்கலாம். அதே பகை காரணமாக அவர் பெயரைப் பொய்யாகவும் வழக்கில் சேர்த்திருக்கலாம். வெட்டியவர்கள் மூவராக இருக்க, புகாரில் எதிர்த்தரப்புக் குடும்பத்தின் ஆண்கள் அனைவரும் இடம்பெறுவது நடக்கிறது. அப்படிச் சேர்க்கப்பட்டுச் சிறைக்குப் போய்வந்த ஒருவர், செய்யாத கொலைக்குத் தண்டனையை முன்கூட்டியே அனுபவித்துவிட்டவர். அவருக்கு இப்போது என்ன கடன் பாக்கி என்ற கேள்வியை ஒரு புதினம் எடுத்துக்கொண்டால் அது பல நூறு பக்கம் தாங்கும்.

காவல்துறையும் இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பதில்லை. ரவுடி சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற செய்தி வரும்போது தெருவில் இனிப்பு வழங்கப்படுவதும், அதை நியாயம் என்று படித்தவர்களே பேசுவதும் நாம் கண்டதுதான். என்கவுன்டர் எனப்படும் இத்தகைய மோதல் சாவுகளை விசாரிக்க 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. புனைவில் இந்த நெறிமுறைகளுக்கு இடம் கிடைப்பதில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் அதிகாரியே பழிவாங்குபவராகி, அத்தோடு படமோ நாவலோ கைதட்டலில் முடிகிறது. அரசின் பெயரால் நடக்கும் கொலையையும் பழிக்கணக்கில் ஒரு பதிவாக எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன என்பது அந்தக் கைதட்டலில் காணாமற்போகிறது.

வடசென்னையைப் பழியின் ஊராக மட்டும் எழுதுவது சோம்பல் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து குத்துச்சண்டை போட்ட பகுதி இது. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் பதில் சொல்லலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது; நடுவரும் நேர எல்லையும் விதிகளும் இருந்தன. பகையை ஒழிக்காமல், அதற்கு ஒரு மேடையும் மணியோசையும் கொடுத்த அந்த ஏற்பாட்டைக் குற்றப் புதினக்காரர்கள் வெறும் வட்டார அலங்காரமாகப் பயன்படுத்துகிறார்கள். பழிக்கு மாற்றாக மனிதர்கள் எதையெல்லாம் உருவாக்கினார்கள் என்பதும் பழிக்கதையின் பகுதியே.

கடைசியாக, சாட்சி. கொலையை நேரில் பார்த்தவரிடம் காவல்துறை வாங்கும் வாக்குமூலத்தில் அவருடைய கையெழுத்துப் பெறக் கூடாது என்பது சட்டம். நீதிமன்றத்தில் அவர் வந்து சொல்வதுதான் சான்று. முன்பு சொன்னதாகக் காவல்துறை எழுதிவைத்திருப்பது அவரை முரண்படுத்திக் காட்டுவதற்கு மட்டுமே உதவும். வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள், சாட்சியான தேநீர்க் கடைக்காரருக்கு ஒரு பெண் திருமணத்துக்கு நிற்கிறாள், அல்லது கடை அதே தெருவில்தான் இன்னும் நடக்கிறது. கூண்டில் ஏறி, நான் அப்போது கடைக்குள்ளே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்கிறார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையாகிறார்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்திருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ஒரு கடையை நடத்திக்கொண்டிருப்பவர் அதை நம்பி வாய் திறப்பாரா என்பது கடையின் இருக்கையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் நீதிமன்றத்தில் பார்க்கவில்லை என்று சொன்ன அவரே, கொலை நடந்த அன்றிரவு இறந்தவரின் தம்பியிடம் பார்த்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். யார் முதலில் வெட்டினார், யார் பிடித்துக்கொண்டார், யார் வண்டியில் காத்திருந்தார் என்று மூன்று பெயர். அந்த மூன்று பெயரை வைத்துத்தான் தம்பி வளர்கிறான். அவர் பதற்றத்தில் பார்த்தாரா, தெருவிளக்கு எரிந்ததா, வண்டியில் இருந்தவரின் முகம் தெரியும் தொலைவில்தான் நின்றாரா, அந்த மூவரில் ஒருவரோடு அவருக்கே பழைய கடன் தகராறு உண்டா என்று எந்த வழக்கறிஞரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. குறுக்கு விசாரணைக்கு ஆளாகாத அந்தச் சாட்சியத்தின் மேல் ஒரு கொலை நடக்கப்போகிறது. துப்பறிவாளர் என்று ஒருவர் வடசென்னைப் பழிக்கதைக்குத் தேவைப்படுகிறார் என்றால், அவர் வர வேண்டியது கொலைக்குப் பிறகு அல்ல. தம்பி அந்த மூன்றாவது பெயரைத் தேடிப் புறப்படுவதற்கு முன்பு, கடை மூடும் நேரத்தில், அந்தக் கேள்விகளைக் கடைக்காரரிடம் முதல் முறையாகக் கேட்பதற்கு.